ஒரகடத்துப் பெட்டிமரமும் நம் மாணாக்கரும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயிலுக்குச் செல்லும் பெருஞ்சாலையிற் பிரயாணஞ் செய்வோர் இருமருங்கும் நீண்டு கிடக்கும் ஆலைச் சுவர்களைக் காண்பர். வாயில்தோறும் வரிசையாய் நிற்கும் பாரவண்டிகளைக் காண்பர். அச்சுவர்களுக்குப் புறத்தே, வேலியிட்ட வெற்றிடங்களில், மழையிலும் வெயிலிலும் குன்றுபோற் குவிந்து கிடக்கும் பலகைகளையும் கட்டைகளையும் கருத்தூன்றிப் பார்ப்போர் மிகச் சிலரே. அவை கடல் கடந்து வந்த எந்திரங்களையும் அவற்றின் உறுப்புக்களையும் சுமந்துவந்த பெட்டிகளின் மிச்சம். ‘பேலட் கட்டை’ என்பது அப்பக்கத்து வழக்கு. அவற்றுள் நல்லன பழுதுபார்க்கப்பெற்று மறுபடியும் சரக்குத் தட்டுக்களாகின்றன. சில மலிவான கட்டிலும் அலமாரியும் ஆகின்றன. எஞ்சியவை அடுப்புக்கும் கொதிகலத்துக்கும் போகின்றன. அவ்வாறு எரிந்துபோவதில் ஒரு பகுதியையேனும் நம் கல்லூரி கேட்டுப் பெற்று, உளியும் இழைப்புளியும் ரம்பமும் கொண்டு நம் மாணாக்கர் தம் கையாலேயே வேலை செய்து பழகுதற்கு ஓர் இடம் அமைக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதனைப் படிப்போருட் பலர் இது வீண் வேலை என்பர். சிலர் இது தீய வேலை என்றுங் கூறுவர். அவ்விருதிறத்தார்க்கும் விடை கூறுமுன், அம்மரம் எத்தகையது என்பதைச் சிறிது விரித்துரைத்தல் நலம்.

ஸ்ரீபெரும்புதூர் என்றவுடன் முன்னாளில் இராமாநுசர் அவதரித்த தலம் என்பதே யாவர்க்கும் நினைவுக்கு வரும். இக்காலத்திலோ ஆலைகளே முதலில் நினைவுக்கு வருகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் 1998-ஆம் ஆண்டிற் கார் செய்யத் தொடங்கினர். 2000-ஆம் ஆண்டிற் கண்ணாடியாலை வந்தது. 2006-இல் வந்த நோக்கியாத் தொழிற்சாலை எட்டாண்டுகள் நடந்து 2014-இல் நின்றுபோயிற்று. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கார்த் தொழிற்சாலை 2010-இலும், டைம்லர் பாரவண்டித் தொழிற்சாலை 2012-இலும், ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை 2013-இலும் திறக்கப்பெற்றன. ஏரிப் பாசனமும் நெல்வயலுமாய் இருந்த சீமை இருபத்தைந்தாண்டுகளுக்குள் இங்ஙனம் உருமாறிற்று. எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்தும் கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பெட்டிகளில் வந்தன. பெட்டிகள் மரத்தால் ஆயின. மேனாட்டுக் காடுகளின் ஒரு சிறு துணுக்கு நம் செங்கற்பட்டுச் சீமை மண்ணில் வந்து குவிந்த வரலாறு இதுவே.

இம்மரங்களுக்குப் பிறப்புச் சான்று உண்டு என்பது பலர் அறியாத செய்தி. பெட்டியின் பக்கத்திற் கோதுமைக் கதிர் போன்றதொரு முத்திரையும், அதனருகே சில எழுத்துக்களும் சூடுபோட்டோ மையிட்டோ பொறிக்கப்பட்டிருக்கும். மரத்தோடு மரமாய்ப் பூச்சியும் நோயும் ஒரு தேயத்தினின்று மற்றொரு தேயத்துக்குப் பரவாதிருக்க, 2002-ஆம் ஆண்டிற் சர்வதேசப் பயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையார் வகுத்த விதியின்படி இடப்படும் முத்திரை அது. ஆசிய நெடுங்கொம்பு வண்டு என்பதொன்று இத்தகைய பெட்டிமரத்தில் ஒளிந்து சென்று, 1996-ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்து மேபிள் மரங்களிற் காணப்பட்டு, அந்நகரத்தார் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி எறியும்படி செய்தது. ஆதலால், பெட்டிமரத்தின் உட்பாகம் 56 பாகை வெப்பத்தில் 30 நிமிஷமேனும் இடையறாது நிற்கும்படி அதனைச் சூடேற்றவேண்டும் என்பது விதி. அவ்வாறு சூடேற்றியதற்கு ‘ஹெச்.டி.’ என்ற அடையாளமும், மெதில் புரோமைடு என்னும் நச்சுவாயுவூட்டியதற்கு ‘எம்.பி.’ என்ற அடையாளமும் இடுவர். நாட்டின் பெயர்ச் சுருக்கமும் உடன் இருக்கும், ‘டி.இ.’ எனின் ஜெர்மனி, ‘கே.ஆர்.’ எனின் கொரியா, ‘ஐ.என்.’ எனின் நம் நாடே. நாம் கொள்ளத்தக்கது ‘ஹெச்.டி.’ முத்திரையுள்ள மரம் மாத்திரமே. மற்றதனைக் கையாலும் தொடவேண்டா, அடுப்பிலும் இடவேண்டா.

குவியலிற் பெரும்பான்மை பைன், ஸ்புரூஸ் முதலிய ஊசியிலை மரங்கள். இவை இலேசானவை, மெதுவானவை, பிசின் கசிபவை. கனத்த எந்திரங்களுக்கு அடியில் இடும் கட்டைகளிற் சிற்சில வேளைகளில் வன்மையான மரமும் கிடைக்கும். ஐரோப்பாவினின்று வந்ததாயின் அது பீச் மரமாயிருத்தல் கூடும். பீச் மரத்துக்குத் தமிழிற் பெயரில்லை. நம் நாட்டில் அது வளராமையால் பெயர் இல்லாமை குறையன்று. ஆயினும் அம்மரம் நமக்கு முற்றிலும் அந்நியமும் அன்று. ‘ஸ்டீம் பீச்’ என்று தச்சர்களும் மரக்கடைக்காரர்களும் இக்காலத்துக் கதவுக்கும் மேசைக்கும் விற்கும் இளஞ்சிவப்பு மரம் இதுவே. நீராவியில் வேகவைத்தலினால் அந்நிறம் பெறுகின்றது. நெருங்கிய அணுவும், ஒரே சீரான தன்மையும், கன அடிக்கு ஏறத்தாழ 45 ராத்தல் நிறையும் உடையது. பிளவுபட்ட முகத்தில் எள் தூவினாற்போலச் சிறு சிறு புள்ளிகள் மின்னும். அவ்வடையாளத்தைக் கொண்டே அதனை இனங்காணலாம்.

மேனாட்டுத் தச்சருக்கு இம்மரம் தொழிலின் தாய் போன்றது. இரும்பு இழைப்புளி பரவுதற்கு முன் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இழைப்புளிக் கட்டைகள் பீச் மரத்தாலேயே செய்யப்பட்டன. வேலைமேசையும் கொட்டாப்புளியும் இன்றும் அதனாலேயே செய்யப்படுகின்றன. நம்மவர் அவ்விடத்துக் கருவேலையும் புளியையும் கொண்டனர். நீராவியூட்டினாற் பீச் மரம் பிரம்புபோல் வளையும். ஆஸ்திரியா தேசத்தில் மிக்கேல் தோனெத் என்பவர் இவ்வியல்பைக் கண்டு, 1859-ஆம் ஆண்டில் தம் பதினான்காம் எண் நாற்காலியை வெளியிட்டார். ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள்: இவ்வளவே அதன் உறுப்புக்கள். கழற்றிய நாற்காலிகள் முப்பத்தாறு ஒரு கன மீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் அடங்கின. உலகெங்கும் சிற்றுண்டிச் சாலைகளிற் புகுந்த அந்நாற்காலியின் வெற்றியிற் பாதி பெட்டியின் வெற்றி எனலாம்.

சிக்கமோர் என்னும் மரத்தின் கதை இன்னும் சுவையானது. பெயராற் பிறந்த மயக்கம் அதில் மிகுதி. நம் வேதாகமத்தைப் படிப்போர் குள்ளனாகிய சகேயு காட்டத்தி மரத்தில் ஏறிய செய்தியை அறிவர். அம்மரத்தை ஆங்கில வேதாகமம் சிக்கமோர் என்னும். அது உண்மையில் அத்தி இனம். எகிப்தியர் பிணப்பேழை செய்தது அம்மரத்தால். இங்கிலாந்திற் சிக்கமோர் என்று வழங்குவதோ அத்தியன்று, மேபிள் இனத்தது. அமெரிக்காவில் அப்பெயர் பெற்ற மரம் மூன்றாவதொன்று. காச்மீரத்துச் சினார் மரத்துக்கு உறவானது. ஒரே பெயரைக் கேட்டு மூன்று தேயத்தாரும் மூன்று மரங்களை நினைப்பர். நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒலியைப் பின்பற்றாது மரத்தை நோக்கிக் காட்டத்தி என்று பெயர்த்தது அவர்தம் நுண்ணறிவைக் காட்டுவதாகும். அத்தியைப்பற்றிக் காஞ்சிமாநகரத்தார்க்கு எவரும் சொல்லவேண்டுவதில்லை. வரதராசர் கோயில் அனந்தசரஸ் திருக்குளத்தில் நாற்பதாண்டு நீரடியில் இருந்து, 1979-இலும் 2019-இலும் வெளிவந்த அத்திவரதர் திருமேனி அம்மரத்தாலானது. மென்மையான மரம் இத்தனை காலம் நிலைத்தல் எங்ஙனம் எனின், முற்றும் நீரில் மூழ்கிய மரத்திற் காற்றுப் புகாமையால் அதனைத் தின்னும் காளான் வாழமாட்டாது. எகிப்திலோ ஈரமின்மையாற் காளான் வாழவில்லை. ஈரமும் காற்றும் கூடி மாறிமாறி வருமிடத்தேதான் மரம் மடிகின்றது. இங்கிலாந்தில் வின்செஸ்டர் நகரத்துப் பேராலயத்தின் ஒரு பகுதி சதுப்பு நிலத்திற் பீச் மரக்கட்டைகளின்மேல் எழுப்பப்பட்டுப் பல நூற்றாண்டுகள் நின்றது. சுவர் சாயத் தலைப்பட்டபோது 1906 முதல் 1911 வரை ஒரு முக்குளிப்பாளர் அடியிலிறங்கிச் சிமெண்டு மூட்டை அடுக்கி அதனைக் காத்தார்.

மேபிள் இனத்ததாகிய அச்சிக்கமோரை நம் தமிழ் மக்கள் கண்டதில்லையே எனின், கண்டிருக்கின்றனர்; அறியாமற் கண்டிருக்கின்றனர். கச்சேரியிற் பாடகருக்கு அருகே அமர்ந்து வாசிப்பவரின் பிடிலைப் பின்புறமாகத் திருப்பிப் பாருங்கள். புலிவரிபோல் ஒளியும் நிழலுமாய் அலையாடும் முதுகுப் பலகை பெரும்பாலும் ஐரோப்பிய மேபிள், அஃதாவது சிக்கமோர், முன்பலகை ஸ்புரூஸ். முத்துஸ்வாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுஸ்வாமி தீட்சிதர் அவ்வாத்தியத்தை நம் சங்கீதத்துக்கு இசைத்துக்கொண்ட காலந்தொட்டு, அம்மரம் நம் சபைகளில் அமர்ந்து நம் இராகங்களை ஒலித்துவருகின்றது. மணமும் சுவையும் இன்மையால் மேனாட்டார் அதனைக் கொண்டு கரண்டியும் கிண்ணமும் பால்பண்ணைத் தட்டுமுட்டும் செய்தனர். வெட்டிய பலகையைப் படுக்கவைத்து உலர்த்தினாற் கறைபடியும் என்று அதனை நிறுத்திவைத்து உலர்த்துவர். அதனால் அதன் பால்வெண்மை கெடாது நிற்கும். ஒரகடத்துக் குவியலிற் சிக்கமோரை எதிர்பார்த்தல் பேராசை. ஆனாற் பழகிய கைக்கு அதுவும் ஒருநாள் வரலாம்.

இனி, இம்மரங்களைக் கையாளும் வகைக்கு வருவோம். ஒரகடத்துக்கு அருகே ஒரு கீற்றுக்கொட்டகையில் வேலைசெய்யும் முதிய தச்சர் ஒருவரிடம் இத்தகைய பலகையொன்றைக் காட்டி, “ஐயா, இது எப்படி?” என்று வினவினேன். அவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரலால் ஓரத்தைத் தடவி, “சார், இது தேக்கு மாதிரி நினைச்சுக் கைவைக்கக் கூடாது. எந்தப் பக்கம் நார் எழும்புதுன்னு பார்த்துத்தான் இழைப்புளி போடணும். பார்க்காம போட்டா பிடுங்கி எடுத்திடும்” என்றார். அவர் கூறியதே இத்தொழிலின் முதற்பாடம். மரத்தின் நார் பலகையின் முகத்தோடு ஒத்துச் செல்லுமிடத்து இழைப்புளி சுருள்சுருளாய்ச் சீவும். எதிர்த்தெழுமிடத்து அலகு நாரைக் கிளப்பிப் பெயர்த்துவிடும். சிக்கமோரின் அலையாடும் அழகு நார் முன்னும் பின்னுமாய் வளைவதனாலேயே உண்டாவதாகலின், அதில் எத்திசையில் இழைத்தாலும் ஓரிடத்தில் எதிர்ப்பு நேரும். அலகை மிகக் கூராகத் தீட்டி, மயிரிழை அளவே வெளிநீட்டி, அலகின்மேல் அழுந்தும் தகட்டை முனைக்கு மிக நெருங்க வைத்துச் சீவினாலன்றி அது வசப்படாது. பைன் மரம் மெதுவானதாயிற்றே, மழுங்கிய அலகுக்கும் இணங்குமன்றோ எனின், இணங்காது. மெதுவான மரத்திற் மழுங்கிய அலகு வெட்டாது நசுக்கும். வன்மரத்தை வெட்டும் அலகினும் மென்மரத்தை வெட்டும் அலகு கூராயிருத்தல் வேண்டும் என்பதைப் புத்தகத்திற் படிப்போர் நம்பார். ஒரு முறை முயன்றவர் மறவார்.

தேக்கில் மணற்சத்து உண்டு. அது அலகை விரைவில் தேய்க்கும். அதன் எண்ணெய்ப்பசை மழையிலும் செல்லிலும் அதனைக் காக்கும். பீச்சும் சிக்கமோரும் செல்லுக்கு விருந்து. அவற்றால் வாசற்கதவோ தரைதொடும் நிலையோ செய்தல் அறியாமை. மேலும், பீச் மரம் ஈரத்துக்குத் தேக்கினும் மிகுதியாய் அசையும். ஓரடி அகலமுள்ள பலகையில் ஈரம் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடினால், நாரை நோக்கி அறுத்த வகைக்கேற்பப் பீச் ஏறத்தாழக் கால் அங்குலம் வரை அகலும்; தேக்கோ அதில் ஏறத்தாழப் பாதியே அகலும். சித்திரையிற் பொருத்திய பெட்டியின் இழுப்பறை ஐப்பசி மழையிற் சிக்கிக்கொள்வதன் காரணம் இது. ஆதலால் வந்த மரத்தை உடனே அறுக்காது, நிழலிற் குச்சியிட்டு அடுக்கி, நம் ஊர்க் காற்றுக்குச் சில மாதம் பழகவிட வேண்டும். பலகையைச் சட்டத்தில் ஒட்டிவிடாது, அசைதற்கு இடம்விட்டுப் பள்ளத்திற் செருகவேண்டும். கால்களையும் சட்டங்களையும் ஆணி நம்பி இணைக்காது, பருமனை மூன்றாய்ப் பகுத்து நடுப்பங்கை நாக்காக்கி, துளையிற் செருகி இணைத்தல் வேண்டும். கோட்டைக் கத்திமுனையாற் கீறி, ரம்பத்தைக் கோட்டின்மேல் வையாது கழிக்கும் பக்கத்தில் வைத்து அறுத்தல் வேண்டும். இவையெல்லாம் பௌதிகமும் தாவரவியலும் கணிதமுமே. கையில் வந்து விளங்குகின்றன என்பதே வேறுபாடு.

‘எந்திரங்கள் ஒரு நொடியிற் செய்வதைக் கையால் ஒரு நாள் முழுதும் செய்தல் எதற்கு? அதுவும் எந்திரன்கள் காருக்குச் சாயம் பூசும் ஒரகடத்தின் வாயிலிலேயா?’ என்று வினவுவர். விற்பனைக்கு நாற்காலி செய்தல் நோக்கமாயின் இவ்வினா வலிமையுடையதே; எந்திரத்தோடு போட்டியிடும்படி நான் யாரையும் அழைக்கவில்லை. நம் மாணாக்கருட் பலர் பட்டம் பெற்றபின் அவ்வாலைகளிலேயே மேற்பார்வை செய்வோராகவும் கணக்கு எழுதுவோராகவும் செல்கின்றனர். ஒரு பொருள் உருவாவதைத் தொடக்கமுதல் இறுதிவரை தம் கையால் ஒருமுறையேனும் செய்து பார்த்தவர் அவருள் எத்தனைபேர்? அளவில் அரை மில்லிமீட்டர் பிழைத்தால் யாது நேரும் என்பதைத் திரையில் எண்ணாகக் கண்டவர் வேறு. தாம் அறுத்த மூட்டு ஆடுவதைக் கண்டு வெட்கியவர் வேறு. பின்னவர் ஒரு தொழிலாளியிடம் ‘ஏன் இவ்வளவு நேரம்?’ என்று கேட்குமுன் சற்றே நிதானிப்பர். இன்னொன்றும் உண்டு. மரத்தூள் புற்றுநோய் விளைவிப்பது என்று 1995-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகத்தார் வகுத்துரைத்தனர். பீச், ஓக் முதலியவற்றின் தூள் நாசிப் புற்றோடு சிறப்பாகத் தொடர்புபடுத்தப்படுகின்றது. எந்திர ரம்பமும் உராய்பொறியும் எழுப்பும் நுண்தூளை இழைப்புளி எழுப்புவதில்லை. அது சுருளாகவே விழும். சிறு அறையொன்றில் இளைஞர் பலர் கூடி வேலைசெய்யும்போது இது சிறிய நன்மையன்று.

இனி, இது தீய வேலை என்பார் கூற்று. அதனை நான் மதிக்கின்றேன். நம் நாட்டில் அதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1953-ஆம் ஆண்டில் சென்னை இராச்சியத்து முதலமைச்சராயிருந்த இராஜகோபாலாச்சாரியார் கிராமப் பள்ளிகளிற் பாட நேரத்தைக் குறைத்து, எஞ்சிய வேளையிற் பிள்ளைகள் தத்தம் பெற்றோர் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் வகுத்தார். ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயர்பெற்று நாடெங்கும் எதிர்ப்பெழுந்தது. மறு ஆண்டு அவர் பதவி நீங்கியபின் காமராஜர் அரசு அதனைக் கைவிட்டது. எதிர்த்தவர் கூறியது சரியே. தச்சன் மகன் உளியையும், வண்ணான் மகன் துறையையும், வக்கீல் மகன் புத்தகத்தையும் கொள்வதாயின், அது கைத்தொழிற் கல்வியன்று. பிறப்பை மீண்டும் எழுதிவைக்கும் ஏற்பாடு. 2023-ஆம் ஆண்டில் இந்திய அரசு கொணர்ந்த விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாட்டரசு 2024-இல் அவ்வடிவில் ஏற்க மறுத்து, குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையின்றித் தன் சொந்தக் கைவினைத் திட்டமொன்றை 2025-இல் தொடங்கியதும் இவ்வச்சத்தின் தொடர்ச்சியே. எழுபதாண்டு கடந்தும் அப்புண் ஆறவில்லை.

ஆனால் அவ்வச்சத்துக்கு மருந்து யாது? உளியை ஒருவருமே தொடாதிருத்தலா? அவ்வாறாயின் உளி பழைய கைகளிலேயே தங்கும். புத்தகம் வைத்திருப்போர் உளி வைத்திருப்போரை ‘நீ’ என்று அழைக்கும் வழக்கமும் உடன் தங்கும். தலைமுறை தலைமுறையாகக் கருவி தொடாத வீட்டுப் பிள்ளைகளே முதலில் அதனைத் தொடவேண்டும் என்பது என் துணிபு. தச்சர் வீட்டு மாணவன் வேண்டுமாயின் வரட்டும். வேண்டாவெனின் நூல்நிலையத்துக்குச் செல்லட்டும். அவனுக்கு விலக்கு உண்டு. வணிகர் மகளுக்கும் உத்தியோகஸ்தர் மகனுக்கும் நம் போதகர் மகனுக்கும் விலக்கு இருத்தல் ஆகாது. கற்பிப்பவர் யார் என்பதிலும் இது விளங்கவேண்டும். ஒரகடத்துக் கொட்டகையில் நான் கண்ட முதியவரைப் போன்ற ஒருவரை வரவழைப்பதாயின், ‘உதவியாளர்’ என்று ஒரு மூலையில் நிறுத்தாது, ஆசிரியர் என்று பெயரிட்டு, ஆசிரியர்க்குரிய ஊதியமும் ஆசிரியர் அறையில் ஓர் இருக்கையும் தந்து வரவழைக்கவேண்டும். அது செய்ய மனமில்லையாயின் இவ்வேலையைத் தொடங்காதிருத்தலே நன்று.

மிஷன் ஸ்தாபனங்கள் இத்துறையிற் புதியவல்ல என்று சிலர் பெருமை பேசுவர். பெருமைக்கு இடமுண்டு. மங்களூரிற் பாசல் மிஷனார் 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினர். அவ்வோடு மேற்குக் கடற்கரை முழுதும் வீடுகளின் தலைமேல் ஏறிற்று. திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்திற் குருவானவர் மர்காசிஸ் 1878-இற் கைத்தொழிற் பாடசாலை நிறுவினார். சென்னையிலோ 1850-இலேயே மருத்துவர் அலெக்ஸாந்தர் ஹண்டர் என்பார் கலைத்தொழிற் பாடசாலை கண்டார். அது மிஷன் ஸ்தாபனமன்று. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் ஒன்று சொல்லாமல் விடுதற்கில்லை. நம் மிஷன்களிற் பலவும் கைத்தொழிலைப் பெரும்பாலும் அநாதைப் பிள்ளைகளுக்கும் ஏழைகளுக்கும் என்று ஒதுக்கின; ஷேக்ஸ்பியரையும் தர்க்கத்தையும் கல்லூரிக்கு ஒதுக்கின. ஒரே சபையார் நடத்திய இரண்டு வாயில்கள் ஒன்றையொன்று பாராது நின்றன. நாட்டுச் சாதிமுறையைக் கண்டித்தவர்கள் தம் வளாகத்துக்குள் அதன் சாயலொன்றை அறியாமலே கட்டினர் என்றால் மிகையாகாது.

வேறு வகை இல்லாமலில்லை. பின்லாந்து தேசத்தில் ஊனோ சிக்னேயுஸ் என்னும் குருவானவர் முயற்சியால் 1866-ஆம் ஆண்டிலேயே கைவேலை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப்பாடமாக்கப்பட்டது. சுவீடனில் நேஸ் என்னுமிடத்தில் ஓட்டோ சலமோன் என்பார் அவ்வழியில் ஆசிரியர்களைப் பழக்கினார். பல தேசத்தாரும் அங்குச் சென்று கற்றனர். அவர் மாணவர்க்கு முதலில் தந்தது கத்தியும் ஒரு சிறு மரத்துண்டும். தச்சராக்குவது அவர் நோக்கமன்று. காந்தியடிகள் 1937-இல் வார்தாவிற் கூட்டிய கல்வி மகாநாட்டிற் கைத்தொழிலைக் கல்வியின் நடுவே வைத்தபோதும் நினைப்பு ஏறத்தாழ அதுவே. அது நம் நாட்டில் ஏன் வேர்கொள்ளவில்லை என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள். பிள்ளைகள் நூற்ற நூலை விற்றுப் பள்ளிச் செலவை ஈடுசெய்யலாம் என்ற கணக்கு அதற்குத் தீங்காயிற்று என்பது மாத்திரம் இங்கே போதும். நாம் அமைக்கும் இடத்தில் ஒன்றும் விற்கலாகாது.

எவ்வளவு பொருள் வேண்டும்? நான் எண்ணிப்பார்த்த அளவில் மிகுதி வேண்டா. பழைய விஞ்ஞானக் கட்டடத்தின் பின்புறத் தாழ்வாரம்போற் காற்றோட்டமுள்ள ஓரிடம். பன்னிரண்டு மாணவர்க்கு ஆறு வேலைமேசை. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு ரம்பம், ஓர் இழைப்புளி, மூன்று உளி, ஒரு மூலைமட்டம், ஒரு கொட்டாப்புளி. எல்லார்க்கும் பொதுவாய்ச் சாணைக்கல் இரண்டு. வேலைமேசைகளை விலைக்கு வாங்கவேண்டா. அவற்றைச் செய்தலே முதலாண்டு வேலை. முதல் மாதம் ஆணி பிடுங்குதலும் அலகு தீட்டுதலுமே நடக்கும். பெட்டிமரத்தில் மறைந்திருக்கும் ஓர் ஆணி நன்றாகத் தீட்டிய அலகை ஒரு வீச்சிற் கெடுத்துவிடும். காந்தக்கல்லொன்றைப் பலகையின்மேல் நகர்த்திப் பார்த்தபின்பே இழைப்புளியை எடுக்கவேண்டும். அடுத்து, ஒரு பலகையின் நான்கு பக்கமும் நேராகவும் மூலைகள் சதுரமாகவும் வரும்வரை இழைத்தல். இது எளிதென்று எண்ணுவோர் ஒரு மாலைப்பொழுது முயன்று பார்க்க. பின்பு, அடிக்கட்டைகளிற் பீச் கிடைக்குமாயின் அதனாற் கொட்டாப்புளி. அப்பாற் கரண்டி, அளவுகோல், நூல்தாங்கி. ஆண்டிறுதியில் மேசை.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பொறுப்புள்ள பதவியில் இருக்கும் நம் பழைய மாணவர் இவ்விதழைப் படிப்பர் என்று நம்புகின்றேன். அவர்களிடம் பணம் கேட்கவில்லை. தத்தம் ஆலையின் பின்வாயிலுக்கு ஒருநாள் சென்று, பிரித்தெறியும் பெட்டிகளில் ‘ஹெச்.டி.’ முத்திரையுள்ள நீண்ட பலகைகளையும் கனத்த அடிக்கட்டைகளையும், எண்ணெயோ இரசாயனமோ படியாதனவாகப் பார்த்து ஒதுக்கிவைக்குமாறு சொல்லி, மேலாளரின் அனுமதிக் கடிதமொன்றைக் கல்லூரி முதல்வர்க்கு அனுப்பினாற் போதும். வண்டி நாம் அனுப்புவோம். வரும் மழைக்காலத்துக்கு முன் வந்து சேர்ந்தால், தைமாதத்துக்குள் அம்மரம் நம் காற்றுக்குப் பழகி அறுப்பதற்கு ஆயத்தமாகும்.